மார்க் ஷீட்டும் தேவ சித்தமும்



ஒவ்வொரு வருஷமும் மே, ஜூன் மாதம் வந்துவிட்டால் நம் சபைகளில் ஜெப விண்ணப்பச் சீட்டுகளின் போக்கே மாறிவிடும். மற்ற மாதங்களில் சரீர சுகத்துக்காக, கடன் பாரம் தீர, குடியிலிருந்து விடுதலை கிடைக்க என்று எழுதிக் கொடுப்பார்கள். இந்த இரண்டு மாதமும் "மகளுக்கு சீட் கிடைக்க", "மகன் நீட்டில் தேற", "எந்தப் படிப்பு என்று கர்த்தர் காட்ட" என்றே வரும். பெரிய மார்க்கெட்டிலும் இதே பேச்சுதான். பகலில் நான் அங்கே ஒரு வெங்காய மண்டியில் கணக்கு எழுதுகிறவன். மீன் விற்கிற இடத்திலிருந்து பூக்கடை வரைக்கும் அந்த நாட்களில் ஒரே கேள்வி காதில் விழும்: "உன் புள்ள எவ்வளவு?" தக்காளி விலை கேட்கிற மாதிரியே மார்க் கேட்கிறார்கள். நல்ல மார்க் வாங்கின பிள்ளையின் தாய் சத்தமாகச் சொல்லுவார்கள். மற்றவர்கள் கூடையைக் குனிந்து பார்ப்பார்கள்.

பிரியமானவர்களே, இந்த இதழில் ஒரே ஒரு கேள்வியை உங்களோடு சேர்ந்து தியானிக்க விரும்புகிறேன். நாம் ஜெபித்தோம், உபவாசித்தோம். பிள்ளையும் கண் விழித்துப் படித்தான். ஆனாலும் கேட்டது கிடைக்கவில்லை. அப்படியானால் அது தேவனுடைய தீர்ப்பா? ஒரு கதவு அடைபட்டால், கர்த்தர் "நீ வேண்டாம்" என்று சொல்லிவிட்டதாக அர்த்தமா?

ஒரு தம்பியின் கேள்வி

மார்க்கெட்டில் மீன் விற்கிற ஒரு சகோதரி நம்முடைய கூட்டத்துக்கு வருகிறவர்கள். வீட்டுக்காரர் இல்லை. விடியற்காலையிலேயே கூடை தூக்குகிற கை. மகனை டாக்டராக்கிப் பார்க்க வேண்டும் என்பதே அவர்களுடைய ஒரே வாஞ்சை. அந்தத் தம்பி பிளஸ் டூ படிக்கும்போது, ஒரு வீட்டுக் கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து வந்த ஊழியர் ஒருவர் அவன் தலைமேல் கை வைத்து, "உன் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்குவதைக் காண்கிறேன், கர்த்தர் உன்னை டாக்டராக்குவார்" என்று சொல்லிவிட்டுப் போனார். கூட்டத்தில் எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். அந்தத் தாய் அதை வாக்குத்தத்தமாகவே பிடித்துக்கொண்டார்கள். கம்மலை அடகு வைத்து கோச்சிங்கில் சேர்த்தார்கள். முதல் வருஷம் கிடைக்கவில்லை. "விசுவாசம் பத்தல" என்று சிலர் சொன்னார்கள். இரண்டாம் வருஷம் தாயும் மகனும் 21 நாள் உபவாசம் இருந்தார்கள். அப்போதும் கிடைக்கவில்லை.

ஒரு மத்தியானம், கடை சாத்துகிற நேரத்தில் அந்தத் தம்பி மண்டிக்கு வந்தான். மூட்டைமேல் உட்கார்ந்தான். "பாஸ்டர், ஒண்ணு கேக்கணும். கர்த்தர் சொன்னார்னு அன்னைக்கு சொன்னது பொய்யா? இல்ல, எனக்குத்தான் விசுவாசம் இல்லையா? ரெண்டுல எதுன்னு சொல்லுங்க. எதுவா இருந்தாலும் இனிமே நான் எப்படி சபைக்கு வர்றது?" என்றான். அவன் அழவில்லை. அழாமல் கேட்டதுதான் எனக்கு பயமாயிருந்தது.

இந்தக் கேள்வியை லேசாக எண்ணாதீர்கள். ஒரு சீட் போனால் வேறு சீட் உண்டு. ஆனால் "கர்த்தர் பொய் சொன்னார்" என்றோ, "கர்த்தருக்கு என்னைப் பிடிக்கவில்லை" என்றோ பதினெட்டு வயதில் ஒரு பிள்ளையின் இருதயத்தில் எழுதப்பட்டுவிட்டால், அதை அழிக்க எத்தனை வருஷம் ஆகும்! படிப்பு சம்பந்தமான காரியம் என்று நாம் நினைக்கிறோம். அங்கே ஆத்துமாவே தொங்கிக்கொண்டிருக்கிறது.

நாத்தான் திரும்பி வந்தார்

அந்தத் தம்பிக்கு நான் 2 சாமுவேல் 7-ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டினேன். நீங்களும் எடுத்து வாசியுங்கள்.

தாவீது கேதுரு மர அரண்மனையில் உட்கார்ந்திருக்கிறார். உடன்படிக்கைப் பெட்டியோ கூடாரத் திரைக்குள் இருக்கிறது. ஆண்டவருக்கு ஓர் ஆலயம் கட்ட வேண்டும் என்ற ஆசை அவர் உள்ளத்தில் பொங்குகிறது. எவ்வளவு பரிசுத்தமான ஆசை! தீர்க்கதரிசியான நாத்தானிடம் சொல்லுகிறார். நாத்தான் உடனே, மனதில் உள்ளதைச் செய்யும், கர்த்தர் உம்மோடு இருக்கிறார் என்று சொல்லிவிடுகிறார். கவனியுங்கள், நாத்தான் கள்ளத் தீர்க்கதரிசி கிடையாது. அவர் மெய்யான தேவமனிதர். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லுமுன் அவர் கர்த்தரிடத்தில் விசாரித்ததாக அங்கே எழுதப்படவில்லை. அன்று ராத்திரியே கர்த்தர் நாத்தானோடு பேசி, ஆலயத்தைத் தாவீது அல்ல, அவன் குமாரன் கட்டுவான் என்று வெளிப்படுத்தினார். நாத்தான் என்ன செய்தார்? ராஜாவின் முன்பாகத் திரும்பப் போய், கர்த்தர் சொன்னதை அப்படியே சொன்னார்.

இதில் நமக்கு இரண்டு பெரிய பாடங்கள் உண்டு.

முதலாவது, நல்ல தேவமனிதரும் தன் அன்பினாலோ ஆர்வத்தினாலோ ஒன்றைச் சொல்லிவிடக்கூடும். அது கர்த்தருடைய வார்த்தை ஆகிவிடாது. தீர்க்கதரிசனத்தைத் தள்ளிவிடாதீர்கள் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதின பவுல், அதே மூச்சில் சோதித்துப் பார்க்கவும் சொல்லுகிறார் (1 தெச. 5:20,21). கொரிந்து சபைக்கும், சொல்லப்படுவதை மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்று ஒழுங்கு வைக்கிறார் (1 கொரி. 14:29). நாம் ஆவியின் வரங்களை விசுவாசிக்கிறவர்கள். அதனாலேயே சோதிக்கிற கடமையும் மற்ற சபையாரைவிட நமக்கு அதிகம். ஆகவே அந்தத் தம்பியின் இரண்டு கேள்விக்கும் பதில் "இல்லை" என்பதே. கர்த்தர் பொய் சொல்லவில்லை. அவனுக்கு விசுவாசமும் குறையவில்லை. ஒரு மனிதர் தம் மனதில் தோன்றினதைக் கர்த்தருடைய பெயரில் சொன்னார். நாத்தானைப் போல அவர் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான். சொன்னவர் பஸ் ஏறிப் போய்விட்டார். பாரம் சுமந்தது பிள்ளை.

இரண்டாவது பாடம் இன்னும் இனிமையானது. ஆலயம் கட்டும் ஆசையைத் தாவீதின் உள்ளத்திலிருந்து கர்த்தர் பழித்துத் தள்ளவில்லை. அப்படி விரும்பினது நல்ல காரியம் என்று கர்த்தர் பாராட்டினதைச் சாலொமோன் பின்னாளில் சாட்சியாகச் சொல்லுகிறார் (1 இராஜா. 8:18). ஆசை நல்லது, ஆனால் வேலை உனக்கல்ல. இந்த இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாயிருக்க முடியும்! தாவீது அதற்காக மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. இரும்பும் வெண்கலமும் கேதுரு மரமும் பொன்னும் வெள்ளியும் சேர்த்து வைத்தார் (1 நாளா. 22). தனக்குக் கிடைக்காத வேலைக்குப் பொருள் சேர்த்துக் கொடுத்த மனிதர் அவர். தம்பி, நோயாளிக்கு உதவ வேண்டும் என்ற உன் வாஞ்சை கர்த்தர் தந்ததாகவே இருக்கலாம். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை என்பதால் அந்த வாஞ்சை பொய்யாகிவிடாது.

தராசு எதைக் காட்டும்?

இனி மார்க் விஷயத்துக்கு வருவோம். தினமும் தராசு பக்கத்தில் நிற்கிறவன் என்ற முறையில் சொல்லுகிறேன். தராசு பொய் சொல்லாது. ஆனால் அது எடையை மட்டும்தான் காட்டும். வெங்காயம் உள்ளே அழுகலா, நல்லதா என்று அதற்குத் தெரியாது. பரீட்சையும் அப்படியே. ஒரு நாள், மூன்று மணி நேரத்தில் ஒரு பிள்ளை என்ன எழுதினான் என்று அது காட்டும். அவன் பொறுமையை, இரக்கத்தை, கைத்திறனை, தாய்க்காகக் கூடை தூக்கின தோளை அது நிறுக்காது.

கணக்கையும் கொஞ்சம் பாருங்கள். 2024-ல் நம் தேசத்தில் 23 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் நீட் எழுதினார்கள். எம்.பி.பி.எஸ். இடங்களோ ஏறக்குறைய ஒரு லட்சத்துப் பத்தாயிரம்தான். இருபது பேர் எழுதினால் ஒருவருக்கு இடம். மற்ற எல்லாரையும் தேவன் தள்ளிவிட்டாரா? அத்தனை வீட்டு ஜெபமும் வீணா? இடம் குறைவு, வருகிறவர்கள் அதிகம் என்பதே அதன் காரணம். அதற்குள் ஆவிக்குரிய தீர்ப்பைத் தேடுகிறவன், இல்லாத சாபத்தைத் தன் தலையில் தானே ஏற்றிக்கொள்ளுகிறான்.

இன்னொன்று. 2023-ல் நம் புதுச்சேரியில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 10 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு வாசல் திறந்தது, ஸ்தோத்திரம்! ஆனால் 2022-ல் எழுதின அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அந்த வாசல் இல்லை. அப்படியானால் 2022-ல் அந்தப் பிள்ளையைத் தேவன் நேசிக்கவில்லை, 2023-ல் அவன் தம்பியை நேசித்தார் என்று சொல்லுவோமா? ஓர் அரசாங்க உத்தரவில் மாறிவிடக்கூடிய ஒன்றை, ஒரு பிள்ளையைக் குறித்த தேவனுடைய தீர்ப்பு என்று எப்படிச் சொல்ல முடியும்?

"அப்படியானால் கர்த்தருக்கு இதில் சம்பந்தமே இல்லையா பாஸ்டர்?" என்று கேட்பீர்கள். உண்டு. அவர் அறியாமல் ஒரு குருவியும் விழுவதில்லை என்று ஆண்டவர் போதித்திருக்கிறார். ஆனால் குருவி விழுந்ததை அவர் அறிந்திருப்பதாலே, குருவியை அவர் வெறுத்தார் என்று ஆகாது. நம் வாழ்க்கையில் நடப்பதெல்லாம் அவர் கைக்குள் இருக்கிறது. நடப்பதெல்லாம் நம்மைப் பற்றிய அவருடைய அபிப்பிராயம் கிடையாது. அவருடைய அபிப்பிராயம் கல்வாரிச் சிலுவையில் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. எந்த ரிசல்ட் ஷீட்டும் அதைத் திருத்தாது.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கலக்கம் அதிகமாயிருப்பதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. நம் தாத்தாமாருக்கு "என்ன ஆவது?" என்ற கேள்வி இவ்வளவு பெரிதாக இல்லை. மில் சங்கு ஊதினால் ஷிப்டுக்குப் போவார்கள். கடலூர் ரோட்டில் 1898-ல் தொடங்கின ரோடியர் மில், பிற்பாடு ஏ.எஃப்.டி. என்று பேர் பெற்றது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அது சோறு போட்டது. 2020-ல் அதை மூடிவிட்டார்கள். தகப்பன் போன வழியில் மகன் போகலாம் என்ற உறுதி போய்விட்டது. ஆகவே முழு பாரமும் ஒரு பரீட்சையின்மேல் வந்து விழுகிறது. தம்பி, தங்கச்சி, நீ பயப்படுவதற்கு நிஜமான காரணம் இருக்கிறது. அதை அவிசுவாசம் என்று சொல்லி உன்னைக் கண்டிக்க மாட்டேன்.

பவுலுக்கும் பாதை அடைபட்டது

அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தில் பவுல் ஆசியா நாட்டில் வசனம் சொல்லப் போகிறார். ஆவியானவர் தடுக்கிறார். பித்தினியா பக்கம் போகப் பார்க்கிறார். அங்கேயும் தடை. இரண்டு கதவும் அடைபட்டு, கடற்கரைப் பட்டணமாகிய துரோவாவில் வந்து நிற்கிறார். போகிற வழி எது என்று அப்போது அவருக்கே தெரியாது. அங்கேதான் மக்கெதோனியாவுக்கு வரச்சொல்லி தரிசனம் கிடைக்கிறது.

மூன்று காரியங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தடுக்கப்பட்ட பவுல் தள்ளப்பட்டவர் அல்ல; தடை வந்த அந்த நாளிலும் அவர் அதே அப்போஸ்தலர்தான். அடுத்து, சரியான வழியில் போனதால் அவருக்கு எல்லாம் சுகமாகிவிடவில்லை. பிலிப்பியில் அடி வாங்கி, தொழுமரத்தில் கால் மாட்டப்பட்டு, சிறையில் கிடந்தார். ஆகவே கதவு திறந்தால் தேவ சித்தம், கஷ்டம் வந்தால் தேவ சித்தம் இல்லை என்ற நம்முடைய கணக்கு வேதத்தில் செல்லாது. மூன்றாவது, அடைபட்ட ஆசியா என்றைக்கும் அடைபட்டிருக்கவில்லை. சில வருஷம் கழித்து அதே பவுல் எபேசுவில் இரண்டு வருஷம் போதித்து, ஆசியா முழுவதும் வசனம் பரவினது (அப். 19:10). அது மட்டுமா? பிலிப்பியில் ஆற்றங்கரையில் முதலாவது இருதயம் திறக்கப்பட்டவள் லீதியாள். இரத்தாம்பரம் விற்கிற வியாபாரி, நம்ம மார்க்கெட்காரி மாதிரி! அவள் ஊர் தியத்தீரா. அந்த தியத்தீரா எங்கே இருக்கிறது? அடைபட்ட அந்த ஆசியாவில்தான்! அல்லேலூயா!

சோர்பு வந்தால் முதலில் என்ன?

இப்போது சோர்ந்துபோன பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. எலியா சூரைச் செடியின் கீழே படுத்துக்கொண்டு, இனி உயிரோடிருந்தது போதும் என்று சொன்னார் (1 இராஜா. 19). கர்மேலில் அக்கினி இறக்கின தீர்க்கதரிசிக்கே அந்த நிலைமை. கர்த்தர் அவருக்கு முதலில் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்க விட்டார். தூதனை அனுப்பித் தட்டி எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடி தூங்க விட்டார். மறுபடி சாப்பாடு. அதற்கு அப்புறம்தான் பிரயாணம், பேச்சு, புதிய வேலை எல்லாம். மனம் உடைந்த பிள்ளைக்கு முதலில் தேவை சோறும் தூக்கமும் பக்கத்தில் ஒரு ஆளும். அந்த மத்தியானம் நான் அந்தத் தம்பியை முதலில் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனேன். வசனம் அப்புறம்தான்.

நம் தமிழ் நாட்டில் எல்லாரும் அறிந்த சாட்சி ஒன்று உண்டு. சகோ. டி.ஜி.எஸ். தினகரன் அவர்கள் 1935-ல் சுரண்டையில் பிறந்தவர். 1955-ல், ஏறக்குறைய 20 வயதில், வறுமையும் வேலையில்லாத வேதனையும் தாங்காமல் உயிரை விட்டுவிட நினைத்துப் புறப்பட்டதாக அவரே பல மேடைகளில் சாட்சியாகச் சொல்லியிருக்கிறார். வழியில் உறவினர் ஒருவர் அவரைக் கண்டு, நிறுத்தி, இயேசுவைப் பற்றிப் பேசினார். அவர் திரும்பினார். பின்பு வங்கியில் வேலை கிடைத்தது. அந்த வேலையைப் பார்த்துக்கொண்டே ஊழியம் செய்தார். 1986-ல் கோயம்புத்தூரில் காருண்யா பொறியியல் கல்லூரி அவரால் தொடங்கப்பட்டது. வேலையில்லை என்று மனம் கசந்த வாலிபன், பிள்ளைகள் படிக்க ஒரு கல்லூரி கட்டினார்.

இந்தச் சாட்சியைக் கேட்கும்போது நாம் கல்லூரியைப் பார்க்கிறோம், லட்சம் பேர் கூடின கூட்டங்களைப் பார்க்கிறோம். வழியில் நிறுத்திப் பேசின அந்த உறவினரைப் பாருங்கள். அவர் தீர்க்கதரிசனம் சொல்லி, "நீ இன்னாராவாய்" என்று குறிக்கவில்லை. முகத்தைப் பார்த்தார், கூட நின்றார், இயேசுவைச் சொன்னார். இன்றைக்கு நம் சபைக்கு வேண்டியது அப்படிப்பட்ட மனிதர்களே.

இதை வாசிக்கிற பிள்ளையே, அப்படிப்பட்ட நினைவு உனக்குள் வந்தால் தனியாக அதோடு போராடாதே. அது பாவம் என்று வெட்கப்பட்டு மறைக்காதே. உடனே யாரிடமாவது சொல்லு. வீட்டில் சொல்ல முடியாவிட்டால் போதகரிடம் சொல்லு. அரசாங்கத்தின் "டெலி மானஸ்" என்ற இலவச எண் 14416 இருக்கிறது. இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம். எலியாவுக்குத் தூதனை அனுப்பின தேவன், போனில் பேசுகிற ஒரு சகோதரியையும் அனுப்ப வல்லவர். டாக்டரைப் பார்ப்பதும் மருந்து சாப்பிடுவதும் விசுவாசக் குறைவு அல்ல.

ஊழியம் தோற்றவர்களின் புகலிடமா?

இன்னொரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். நான் வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்த காலத்தில், உண்மையான அழைப்போடு வந்த வாலிபர்கள் அநேகர் இருந்தார்கள். அவர்களுக்காகக் கர்த்தரைத் துதிக்கிறேன். ஆனால் "படிப்பு வரல, வேலை கிடைக்கல, அப்ப கர்த்தர் ஊழியத்துக்குத்தான் கூப்பிடுறார்" என்று பெற்றோர் கொண்டுவந்து விட்ட பையன்களும் சிலர் இருந்தார்கள். அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஊழியம் ஓர் அழைப்பு. ஆறுதல் பரிசு அல்ல.

அதேபோல், முழுநேர ஊழியம் மட்டுமே பரிசுத்தம், மற்ற வேலையெல்லாம் உலகம் என்று நினைப்பதும் தவறு. யாத்திராகமம் 31-ஆம் அதிகாரத்தில் பெசலெயேலைக் கர்த்தர் தம்முடைய ஆவியினாலே நிரப்பினார். எதற்காக? பிரசங்கம் பண்ண அல்ல. பொன்னிலும் வெள்ளியிலும் வேலை செய்ய, கல் இழைக்க, மரம் செதுக்க! ஆவியின் நிறைவு ஆசாரியின் உளிக்கும் உண்டு. லேப்பில் இரத்தம் சோதிக்கிற கைக்கும், லேத் பட்டறையில் இரும்பு கடைகிற கைக்கும் அந்த அபிஷேகம் உண்டு என்று விசுவாசியுங்கள்.

பட்டம் இல்லாததால் ஒருவர் உபயோகமற்றவர் ஆகிவிடுவாரோ? 1874-ல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தும் பட்டம் வாங்காமலே வெளியே வந்தார். 1895-ல் ஒய்.எம்.சி.ஏ. வேலைக்குப் போனார். 1903-ல் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்க முன்னின்றார். 1912-ல் தோர்னக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அவரே. 1920-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. இதைச் சொல்லுவது, பட்டம் இல்லாதவர்கள் எல்லாரும் பேராயர் ஆவார்கள் என்பதற்காக அல்ல. பெரும்பாலோர் ஆக மாட்டார்கள், ஆக வேண்டியதும் இல்லை. தோர்னக்கலைப் பற்றி 1895-ல் அசரியாவுக்கு ஒன்றும் தெரியாது. அன்றைக்கு முன்னால் இருந்த வேலையை அவர் உண்மையாய்ச் செய்தார். அதுதான் நமக்கு மாதிரி.

வழியை எப்படி அறிவது?

"சரி பாஸ்டர், அப்ப தேவ சித்தத்தை எப்படித் தெரிஞ்சுக்கிறது?" என்றான் அந்தத் தம்பி. அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்லுகிறேன்.

1. இன்றைய வேலையைச் செய். சாமுவேல் தைலம் ஊற்றி அபிஷேகம் பண்ணின பிறகு தாவீது எங்கே போனான்? மறுபடியும் ஆடுகளிடத்துக்கு! (1 சாமு. 16, 17). அபிஷேகம் பெற்றவன் ஆடு மேய்த்தான். நாளைக்கு என்ன என்று தெரியாதவனுக்கும் இன்றைக்கு ஒரு வேலை இருக்கும்.

2. கொடுக்கப்பட்டிருக்கிற தாலந்தைப் பார். உனக்கு எது வரும், எது வராது என்று உன்னை அறிந்த வாத்தியாரிடமும் நண்பனிடமும் கேள். பக்கத்து வீட்டுப் பையன் எடுத்த படிப்பு உனக்குத் தேவ சித்தம் ஆகிவிடாது.

3. அறிந்தவர்களிடத்தில் ஆலோசனை கேள். ஆலோசனைக்காரர் பலர் இருப்பது நன்மை என்று நீதிமொழிகள் போதிக்கிறது (15:22). ஜெபம் பண்ணிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உட்காராதே. சென்டாக் விண்ணப்பத்தில் என்னென்ன படிப்பு உண்டு, நர்சிங், பார்மசி, லேப் டெக்னாலஜி எங்கே இருக்கிறது, லாஸ்பேட்டை மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக்கில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்று நடந்து போய் விசாரி. விசாரிக்கிற காலுக்கும் கர்த்தர் வழிகாட்டுகிறார்.

4. வீட்டுக் கணக்கைப் பார். கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று ஆண்டவர் சொன்ன உவமை நமக்குத் தெரியும் (லூக்கா 14). இன்னொரு வருஷம் கோச்சிங் என்றால் பணம் எங்கிருந்து வரும், யார் தோளில் அது ஏறும் என்று பார்ப்பது அவிசுவாசம் அல்ல. தாயின் கம்மலும் தேவனுடைய பார்வையில் இருக்கிறது.

5. அடுத்த அடியை மட்டும் கேள். பத்து வருஷத்துக்கான வரைபடத்தை ஆபிரகாமுக்கே கர்த்தர் கொடுக்கவில்லை. ராத்திரியில் டார்ச் லைட் பிடித்து நடக்கிறவன், ஊர் முழுவதும் தெரிந்தால்தான் நடப்பேன் என்று சொல்லுவானா?

நம் சபையில் ஆஸ்பத்திரி வேலை பார்க்கிற ஒரு சகோதரி இருக்கிறார்கள். அந்தத் தம்பியை அவர்களிடம் அனுப்பினேன். ஒரு சாயங்காலம் முழுவதும் அவனோடும் அவன் தாயோடும் உட்கார்ந்து, எந்தப் படிப்பு, எவ்வளவு செலவு, என்ன வேலை என்று எடுத்துச் சொன்னார்கள். இப்போது அவன் லேப் டெக்னாலஜி படிக்கிறான். "இதுதான் உன் தேவ சித்தம்" என்று நான் அவனிடம் சொல்லவில்லை. சொல்ல எனக்கு வெளிப்பாடும் இல்லை. அவன் தாய்க்கு இன்னும் மனக்குறை உண்டு. அவனும் சில ஞாயிறுகளில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆராதனை முடியுமுன் எழுந்து போய்விடுகிறான். ஆனாலும் வருகிறான். கர்த்தர் அவனோடு தம்முடைய வேளையில் பேசுவார்.

பெற்றோருக்கும் சபைக்கும்

பெற்றோரே, நீங்கள் அடைய முடியாததைப் பிள்ளையின்மேல் வைத்து, அதற்கு "வாக்குத்தத்தம்" என்று பேர் போடாதிருங்கள். பிள்ளை கர்த்தரால் வருகிற சுதந்தரம். நம் கடன் அடைக்கிற சீட்டுப் பணம் அல்ல. ரிசல்ட் வருகிற நாளில், மார்க் கேட்குமுன் சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

ஊழியக்காரரே, ஒரு பிள்ளையின் தலையில் கை வைத்து "கர்த்தர் சொல்லுகிறார்" என்று சொல்லுமுன் நடுங்குவோம். படிப்பையும் வேலையையும் குறித்து வெளிப்பாடு கிடைத்ததாகத் தோன்றினால், பெரியவர்கள் முன்பாக வைத்து நிதானிப்போம். நிறைவேறாமற்போனால் பிள்ளையின் விசுவாசத்தைக் குறை சொல்லாமல், நாத்தானைப் போலத் திரும்பிப் போய் அந்தப் பிள்ளையின் முன்பாக நிற்போம்.

சபையாரே, ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல மார்க் எடுத்த பிள்ளைகளை முன்னே அழைத்து வேதாகமமும் பேனாவும் கொடுக்கிறோம். நல்லது, கொடுங்கள். ஆனால் பெயிலான பிள்ளை அந்த ஞாயிறு வரவே மாட்டான், கவனித்தீர்களா? அந்த வாரமே அவன் வீட்டுக்கு இரண்டு பேர் போங்கள். புத்திமதி சொல்லப் போகாதீர்கள். ஒரு டீ குடித்து, ஜெபித்து, "அடுத்து என்ன பண்ணலாம் தம்பி, நாங்க கூட வர்றோம்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். எழுப்புதல் என்று நாம் கேட்கிற ஜெபத்துக்கு அதுவும் ஒரு பதில்.

ஜெபிப்போமா?

அன்பின் பரலோகப் பிதாவே, ரிசல்ட்டைப் பார்த்து மனம் உடைந்திருக்கிற ஒவ்வொரு மகனையும் மகளையும் உம்முடைய சமுகத்தில் கொண்டு வருகிறோம். அவர்கள் மார்க்கைப் பார்க்குமுன் நீர் அவர்கள் முகத்தைப் பார்த்தீரே, உமக்கு ஸ்தோத்திரம். உம்முடைய பெயரில் மனுஷர் சொன்ன வார்த்தைகளால் காயப்பட்டவர்களைக் குணமாக்கும். தூங்காதவர்களுக்குத் தூக்கத்தையும், சாப்பிடாதவர்களுக்குப் பசியையும், தனித்திருக்கிறவர்களுக்குத் துணையையும் தாரும். அடுத்த அடி எதுவென்று காட்டும். நடக்கப் பெலன் தாரும். வழியில் நிற்கிற பிள்ளையைக் கண்டு நின்று பேசுகிற மனிதர்களாக எங்களை மாற்றும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரன்,
பெரிய மார்க்கெட், புதுச்சேரி.